மேலே இரும்பு

மூன்றாவது சுவிட்சும் எரிந்த மறுநாள்
புதுவயல் அரிசி ஆலையிலிருந்து கூப்பிட்டார்கள்.
எடைமேடைக்கும் அலுவலகத்துக்கும் நடுவே
எழுபது மீட்டர் நெட்வொர்க் கேபிள்
வெட்டவெளியில் தொங்குகிறது.
இரண்டு முனையிலும் சர்ஜ் புரொடெக்டர் உண்டு.

கணக்கர் உமையாள்
கருகிய பலகையை மோந்து பார்த்துவிட்டுக் கேட்டாள்:
"ரெண்டு காவல்காரன் நின்னும்
திருடன் எப்படி உள்ள வந்தான்?"

காவல்காரன் பிடிக்கத்தான் செய்தான்.
பிடித்தவனை எங்கே கொண்டுபோய் விடுவதென்று
அவனுக்கு வழி இல்லை.

பச்சைக் கம்பியைப் பிடித்தபடியே நடந்தேன்.
கழிவறைக்குப் பின்னால்
ஆழ்துளைக் குழாயில் கிளாம்ப் போட்டு முடிந்திருந்தது.
கிரீஸ் தடவி, டேப் சுற்றி,
யாரோ அக்கறையாகச் செய்த வேலை.
கொதிகலன் பார்க்கும் சாத்தையா
மண்வெட்டியால் ஒரு முழம் விலக்கினார்.

மேலே இரும்பு.
கீழே நீல பிளாஸ்டிக்.

"யாரு கட்டுனது இது?"

அந்தக் கிளாம்பில் நாலு வாங்கியிருந்தேன்,
போன ஆவணியில், காரைக்குடியில்.
மிச்சம் மூன்று இன்னும் என் பையில் கிடக்கின்றன.

"நான்தான்."

உமையாள் ஒன்றும் சொல்லவில்லை.
கால்குலேட்டரில் ஒரு சுவிட்ச் விலையை
மூன்றால் பெருக்கிக்கொண்டிருந்தாள்.

செம்புறாங்கல் பூமி.
கடப்பாரை கொத்தாது, எம்பும்,
மணிக்கட்டில் வந்து உட்காரும்.
பத்தடி ராடு மூன்றடியில் நின்றுவிட்டது.
எர்த் டெஸ்டரை மாட்டினால்
நூற்றுப் பன்னிரண்டு ஓம்.
கோயிலுக்கு ஆகும். மின்னலுக்கு ஆகாது.

சரி, நிமிர்ந்து போகாததைப் படுக்கப் போடுவோம்.
ஊறல் தொட்டியின் கழிவு வாய்க்காலை ஒட்டி
இரண்டரை அடி ஆழத்தில் நீளப் பள்ளம்.
பழைய வயரிங்கில் கழற்றி
எடைக்குப் போடக் காத்திருந்த செம்புப் பட்டை.
மேலே போட என்ன இருக்கிறது என்று பார்த்தேன்.
ஆலை முழுக்க அதுதான் இருந்தது:
உமிக்கரி.
காற்றடித்தால் கண்ணில் விழுவது,
லாரிக்காரன் காசு கேட்டுத்தான் அள்ளுவது.
அள்ளிக் கொட்டி, நனைத்து, மிதித்தோம்.
மூவருக்கும் முழங்கால் வரை கறுப்பு.

சாத்தையா உப்பு மூட்டையோடு வந்தார்.
"உப்பில்லாப் பண்டம் குப்பையிலே, தம்பி."
"செம்பை அரிச்சிரும், அண்ணே."
"அப்ப ஒரு கை மட்டும்."
நான் திரும்பி நின்ற நேரத்தில் போட்டிருப்பார்.
கேட்கவில்லை. எனக்கு அப்போது
யாரையும் கேட்கிற முகம் இல்லை.

பத்தொன்பது.
மாலையில் நெல் ஊறிய வெந்நீரை வடித்துவிட்டார்கள்.
புளித்த ஆவி எழுந்தது, பள்ளம் குடித்தது.
ஏழு.

பட்டையை ஆலையின் பழைய எர்த்தோடு இணைத்தேன்,
எடைமேடையின் இரும்புச் சட்டத்தையும் சேர்த்து.
"புதுசு தனியா இருக்கட்டுமே, சுத்தமா?" என்றாள் உமையாள்.
கூடாது.
ஒரு வளாகத்தில் இரண்டு மண் இருந்தால்
இடி விழுகிற நொடியில்
ஒன்றையொன்று நீ யார் என்று கேட்கும்.
பதில் கேபிள் வழியாகத்தான் போகும்.

இதை அவளுக்குச் சொல்லும்போதுதான்
எனக்கே முழுசாகப் புரிந்தது.
கூலி வேண்டாம் என்றேன்.
ஒரு சுவிட்ச் விலையைக் கழித்துக்கொண்டு
மீதியை எண்ணிக் கொடுத்தாள்.
மற்ற இரண்டு?
"அது மின்னலோட கணக்கு."

ஐப்பசி முழுக்க இடித்தது.
நான் காரைக்குடியில் படுத்தபடி
வெளிச்சத்துக்கும் சத்தத்துக்கும் நடுவே எண்ணினேன்,
போனில் அந்த எடைமேடைக்கு பிங் விட்டபடி.
பதில் வந்தது. பதில் வந்தது.
ஒருமுறை வரவில்லை; எழுந்து உட்கார்ந்தேன்;
வந்தது.

இப்போது வேறொன்று உறுத்துகிறது.
சித்திரையில் நெல் வரத்து நிற்கும்,
ஊறல் தண்ணீரும் நிற்கும்,
கரி உலரும்.
கோடை இடி அப்போதுதான் வரும், மழை இல்லாமல்.
வாரத்துக்கு நாலு குடம் ஊற்றச் சொல்லி
சாத்தையாவிடம் சொன்னேனா?

நாளை புதுவயல் வழியாகப் போக வேண்டும்.